கண்ணோட்டம் யாருக்காக?

தியானப் பகுதி: 1 சாமுவேல் 16:1-13

கிறிஸ்துவுக்குள் அன்பான திருச்சபையாரே,



சில ஆண்டுகளாகவே நமது பிரசங்க மேடைகளில் ஒரு போதனை மிகுந்த வரவேற்பைப் பெற்றுவருகிறது. உன்னைப் பற்றிய உன் பார்வையை மாற்று, உன் வாழ்க்கை மாறும் என்பதே அதன் சாரம். உபவாசக் கூட்டங்களிலும் வாலிபர் முகாம்களிலும் அது ஒலிக்கிறது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும், விடியுமுன் நம் கைபேசியில் வந்து விழும் வண்ணப்படங்களிலும் அது மின்னுகிறது. தோற்றவன் தன்னைத் தோல்வியாளனாகக் கண்டதால் தோற்றானாம். வென்றவன் தன்னை வெற்றியாளனாகக் கண்டதால் வென்றானாம். ஆகவே நீ உன்னைப் பெரியவனாகக் காண் என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான போதனை. இதைக் கேட்டு உள்ளம் குத்தப்பட்டு வீடு திரும்பியவர் எவரும் இலர். எனது முதல் ஐயம் அங்கேதான் பிறக்கிறது.

பார்வை மனிதனை உருவாக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வேதமும் அதை மறுக்கவில்லை. ஆனால் யாருடைய பார்வை யாரை உருவாக்குகிறது என்று கேட்க வேண்டாமா? என் பார்வை என்னை உயர்த்தும் என்பது பாதி உண்மை. என் பார்வை என் அயலானை உயர்த்தவும் கூடும், உயிரோடு புதைக்கவும் கூடும் என்பது மறுபாதி. திருமறை அதிகமாகப் பேசுவது இந்த மறுபாதியைப் பற்றியே. நாமோ முதற்பாதியை மேடையேற்றி, மறுபாதியை ஆலயத்தின் பின்வாசல் வழியே வெளியே அனுப்பிவிட்டோம். அடுத்த மாதம் நம் சேகரக் கமிட்டித் தேர்தல் நடைபெற இருக்கும் இவ்வேளையில், இதைக் குறித்து உங்களோடு வழக்காட விரும்புகிறேன்.

வெட்டுக்கிளிகளைப் பற்றிய பிரசங்கம்

இந்தப் போதனைக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது எண்ணாகமம் 13, 14 ஆகிய அதிகாரங்கள். பன்னிரண்டு பேர் கானான் தேசத்தை வேவு பார்த்து, 40 நாள் கழித்துத் திரும்புகிறார்கள். அவர்களில் பத்துப்பேர், அத்தேசத்தார் மிக நெடியவர்கள், எங்கள் கண்களுக்கே நாங்கள் வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் கண்களுக்கும் அப்படியே இருந்தோம் என்று கதறுகிறார்கள். பிரசங்கியார் இவ்விடத்தில் குரலை உயர்த்தி, உன்னை வெட்டுக்கிளியாகக் காணாதே, இராட்சதனாகக் காண் என்பார். சபையார் ஆமென் என்பார்கள்.

அன்பானவர்களே, பகுதியை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். காலேபும் யோசுவாவும் ஓரிடத்திலாவது, நாம் சிறியவர்கள் அல்லர் என்று வாதிட்டார்களா? இல்லை. பட்டணங்கள் அரணானவை என்பதை அவர்கள் மறுக்கவில்லை. தங்கள் உயரத்தைக் குறித்து ஒரு சொல்லும் பேசவில்லை. கர்த்தர் நம்மோடு இருக்கிறார் என்பது ஒன்றே அவர்களுடைய வாதம் (14:9). பத்துப்பேர் தங்களைச் சிறியவர்களாகக் கண்டார்கள். தேவனை அவர்கள் காணவேயில்லை. இந்த இரண்டாவது குறையைத்தான் காலேப் கடிந்துகொள்கிறார்.

மேலும், அத்தேசத்தார் தங்களை எப்படிக் கண்டார்கள் என்பது அந்தப் பத்துப்பேருக்கு எவ்வாறு தெரியும்? எவரிடமும் கேட்டதாக எழுதப்படவில்லை. பிற்காலத்தில் எரிகோவின் ராகாப் வாய் திறந்து பேசும்போது வேறொரு செய்தி வெளிப்படுகிறது. இஸ்ரவேலின் தேவன் செங்கடலை வற்றப்பண்ணியதையும் யோர்தானுக்கு அப்பால் செய்தவற்றையும் கேள்விப்பட்டு, அத்தேசத்தாரின் இருதயம் கரைந்துபோயிற்று என்கிறாள் அவள் (யோசுவா 2:9-11). அந்தக் கண்களில் இருந்தது ஏளனமன்று, அச்சம். பத்துப்பேரும் தங்கள் உள்ளத்தில் இருந்ததை எடுத்து மற்றவர்களின் கண்களில் வைத்து வாசித்தார்கள். நாமும் இதைத்தானே நாள்தோறும் செய்கிறோம்?

இதைவிடக் கனமான ஒன்று அப்பகுதியில் இருக்கிறது. இந்தப் பன்னிருவரும் சாதாரண மனிதர் அல்லர். கோத்திரத்துக்கு ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர்கள். பத்துத் தலைவர்களின் பார்வை பழுதுபட்டது. விலை கொடுத்தவர்கள் யார்? வேவு பார்க்கப் போகாத, ஓர் இராட்சதனையும் கண்டிராத பிள்ளைகள் 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்தார்கள் (14:33). தலைவனின் கண் கெட்டால் பிள்ளைகளின் கால்கள் தேயும். இதுவே அப்பகுதியின் எச்சரிப்பு. இதைப் பிரசங்கித்தால் ஆமென் சற்றுக் குறைவாகவே கேட்கும்.

கண்ணோட்டம் என்னும் சொல்

நமது தாய்மொழியே இவ்விஷயத்தில் நமக்குச் சாட்சி சொல்கிறது. ஒருவர் உலகைக் காணும் விதத்தை இன்று நாம் கண்ணோட்டம் என்கிறோம். என் கண்ணோட்டம், உன் கண்ணோட்டம் என்று பேசுகிறோம். ஆனால் பழந்தமிழில் அச்சொல்லுக்கு முதன்மையான பொருள் வேறு. திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்தின் தலைப்பு கண்ணோட்டம் என்பதே. அங்கு அச்சொல் தாட்சணியத்தை, பிறர்மேல் இரங்கும் பண்பைக் குறிக்கிறது. அந்த அதிகாரம் பொருட்பாலில், அரசனுக்குரிய குணங்களைக் கூறும் அரசியல் பகுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. கண், தன்னை விட்டு அடுத்தவனிடம் ஓடவேண்டும். ஆளுகிறவனுக்கு அது இன்றியமையாதது என்று நம் முன்னோர் கருதினார்கள். நாமோ அச்சொல்லின் திசையைத் திருப்பிவிட்டோம். அடுத்தவனிடம் ஓடவேண்டிய கண்ணைக் கண்ணாடியின் முன் நிறுத்திவைத்து, அதற்கு ஆவிக்குரிய வளர்ச்சி என்று பெயரும் சூட்டிவிட்டோம்.

காண்கிறவனே காணாத நாள்

இனி நமது தியானப் பகுதிக்கு வருவோம். பெத்லகேமியனாகிய ஈசாயின் வீட்டுக்குச் சாமுவேல் அனுப்பப்படுகிறார். இவ்வதிகாரத்தின் எபிரெய மூலத்தில் ஒரு வினைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ராஆ என்பது அது. காணுதல் என்பது அதன் பொருள். முதல் வசனத்தில், ஈசாயின் குமாரரில் ஒருவனைத் தேவன் அரசனாகத் தெரிந்துகொண்டார் என்று நாம் வாசிக்கும் இடத்தில், மூலத்தில் இருப்பது அவர் கண்டார் என்னும் சொல்லே. ஆறாம் வசனத்தில் சாமுவேல் எலியாபைக் காண்கிறார். ஏழாம் வசனத்தில், மனிதன் காண்கிறபடி தேவன் காண்பதில்லை என்று கண்டிக்கப்படுகிறார். அக்காலத்தில் தீர்க்கதரிசிக்கு ரோவே என்று பெயர் இருந்தது. அதே வினையிலிருந்து பிறந்த பெயர். காண்கிறவன் என்று பொருள். நானே அந்த ரோவே என்று சாமுவேல் தம்மைக் குறித்துச் சவுலிடம் கூறியிருக்கிறார் (9:19). காண்கிறவன் என்று பெயர் பெற்றவரே காணத் தவறினார் என்பதை இவ்வதிகாரம் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறது.

அவர் எதைக் கண்டு மயங்கினார்? முகத்தையும் உயரத்தையும். எல்லா ஜனங்களைக்காட்டிலும் தோள்வரை உயர்ந்து நின்ற சவுலால் இஸ்ரவேல் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருந்தது. அந்தக் காயம் ஆறுமுன்னே மறுபடியும் உயரமான ஒருவனைக் கண்டதும் தீர்க்கதரிசியின் கை தைலக்கொம்பை நோக்கிப் போகிறது. அனுபவம் ஒருவனுக்குத் தானாகவே பார்வையைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஏழு குமாரர்களும் கடந்துபோகிறார்கள். எட்டாமவன் அங்கே இல்லை. தீர்க்கதரிசி வந்திருக்கும் நாளில், பலியும் பந்தியும் நடக்கும் நாளில், பெற்ற தகப்பனே அவனை அழைக்கவில்லை. ஈசாய் அவனை வெறுத்ததாக எழுதப்படவில்லை. அவன் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஒருவனைப் புறக்கணிக்கப் பகை தேவையில்லை, அவனைக் காணாதிருந்தால் போதும்.

இங்கே நான் கேட்கிறேன்: தாவீது அந்த நாளில் எவ்வாறு உயர்ந்தான்? ஆடுகளின் நடுவே நின்று அவன் தன்னை அரசனாகக் கற்பனை செய்துகொண்டான் என்றா எழுதியிருக்கிறது? தன் பார்வையை மாற்றிக்கொண்டான் என்றா எழுதியிருக்கிறது? தேவன் அவனைக் கண்டிருந்தார். கண்டித்துத் திருத்தப்பட்ட ஒரு தலைவர், இன்னும் எவரேனும் உண்டோ என்று கேட்டார். அவன் வந்து சேரும்வரை பந்தியில் அமர்வதில்லை என்று உறுதியாக நின்றார். பந்தி காத்திருந்ததால் ஆட்டிடையன் உள்ளே வந்தான். பந்தி முடிந்தபின் அவனுக்குத் தன்னம்பிக்கைப் பாடம் நடத்தியிருந்தால் என்ன பயன்?

தேவன் எளிய தோற்றமுடையவர்களை மட்டுமே தெரிந்துகொள்கிறார் என்று எவரும் இதிலிருந்து முடிவு கட்டவேண்டாம். தாவீதும் அழகிய கண்களும் நல்ல தோற்றமும் உடையவனே என்று 12-ஆம் வசனம் கூறுகிறது. தோற்றம் குற்றமன்று. தோற்றத்தைக் கண்டதும், இதற்குமேல் காண ஒன்றுமில்லை என்று கண்ணை மூடிக்கொள்வதே குற்றம்.

ஒருவன் வளர்வதற்கு

தனிமனித வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாற்கு என்னும் யோவானின் வாழ்க்கையை ஆராய்ந்து பார்க்கட்டும். முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலிருந்து பாதியிலேயே திரும்பிப்போனவன் அவன். அடுத்த பயணத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பவுல் மறுத்தார். பர்னபா விடவில்லை. கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார் (அப்போஸ்தலர் 15:37-39). ஆண்டுகள் கடந்தன. சிறையிலிருந்து எழுதும் பவுல், மாற்குவை உன்னோடு அழைத்து வா, அவன் என் ஊழியத்துக்குப் பயனுள்ளவன் என்னும் கருத்துப்பட எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). திருச்சபையின் பாரம்பரியம் இரண்டாம் சுவிசேஷத்தை இந்த மாற்குவின் பெயராலேயே வழங்குகிறது.

மாற்கு பர்னபாவின் உறவினன்தானே, தன் இனத்தானுக்காகப் பரிந்து பேசியதில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உறவு உண்மையே (கொலோசெயர் 4:10). ஆனால் இதே பர்னபா, எருசலேமில் சீஷர்கள் யாவரும் சவுலைக் கண்டு அஞ்சி விலகியபோது, உறவு எதுவும் இல்லாத அந்தப் பழைய பகைவனின் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்றவர் (அப்போஸ்தலர் 9:26-27). தான் ஒருகாலத்தில் அப்படிக் காணப்பட்டதாலேயே உயர்ந்த பவுல், மாற்குவை அப்படிக் காண மறுத்தார் என்பது நம்மை நடுங்கச் செய்யவேண்டும். இரண்டாம் தருணம் பெற்றவன்தான் அதைப் பிறருக்கு முதலில் மறுக்கிறான்.

மரங்களைப்போல் மனிதர்

பெத்சாயிதாவில் ஆண்டவர் ஒரு குருடனைக் குணமாக்குகிறார் (மாற்கு 8:22-26). சுவிசேஷங்களில் இரண்டு படிகளில் நடந்த சுகமளிப்பு இது ஒன்றே. முதற்படியில் அவனுக்குப் பார்வை வருகிறது; ஆனால் நடக்கிற மனிதர்கள் மரங்களைப்போல் தெரிகிறார்கள். ஆண்டவர் மீண்டும் கைவைக்கிறார். அப்போதுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

நம் சபையில் முதற்படியோடு நின்றுபோனவர்கள் அநேகர் என்று நான் அஞ்சுகிறேன். இரட்சிக்கப்பட்டோம், ஞானஸ்நானம் பெற்றோம், திடப்படுத்தலும் பெற்றோம், பார்வை உண்டு. ஆனால் மனிதர்கள் இன்னும் மரங்களாகவே தெரிகிறார்கள். நிழல் தரும் மரம் எது, கனி தரும் மரம் எது, வெட்டி விற்கத்தக்கது எது, நம் வேலிக்கு அப்பால் நிற்பது எது என்றே நம் கண் கணக்கிடுகிறது. ஒருவர் புதிதாக ஆராதனைக்கு வந்தால், அவர் பெயருக்கு முன்னே சொந்த ஊரைக் கேட்கிறோம். ஊரைக் கேட்பது எதற்காக என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். மணமகன் தேவை என்னும் விளம்பரத்தில், இரட்சிக்கப்பட்ட என்னும் சொல்லுக்கு அடுத்த சொல்லாகச் சாதியின் பெயரை அச்சிடுகிறோம். இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு காற்புள்ளிகூட வெட்கப்பட்டு நிற்பதில்லை.

இல்லங்களிலும் இதுவே. படிப்பில் முந்தும் பிள்ளையைக் காண்கிறோம். பின்தங்கும் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் காண்கிறோம். மனைவியின் சமையலைக் காணும் கணவன் அவளுடைய களைப்பைக் காண்பதில்லை. முதிய தகப்பனாரின் ஓய்வூதியத்தைக் காணும் மகன் அவருடைய தனிமையைக் காண்பதில்லை. பரிசேயனாகிய சீமோனின் வீட்டில் ஆண்டவர் அந்த அழுகிற பெண்ணின் பக்கம் திரும்பி, இவளைக் காண்கிறாயா என்று சீமோனை வினவுகிறார் (லூக்கா 7:44). அவள் அவன் வீட்டில், அவன் பந்தியின் அருகில்தான் நின்றாள். சீமோன் கண்டதோ அவளுடைய பாவப் பட்டியலை மட்டுமே.

தலைமையும் முகமும்

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பட்சபாதத்தைக் கண்டிக்கிறார். அங்குள்ள கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் முகத்தை ஏற்றுக்கொள்ளுதல். நாமும் முகதாட்சணியம் என்கிறோமே. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம், ஏழைக்குக் காலடியில் இடம். இதை அவர் பழக்கக்குறை என்று மென்மையாகச் சொல்லவில்லை, பாவம் என்றே எழுதுகிறார் (2:9).

இந்தப் பாவத்துக்குத் தமிழ்த் திருச்சபையில் நீண்ட வரலாறு உண்டு. 1833-இல் கல்கத்தாவின் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமைகள் உடனடியாக ஒழியவேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். விளைவு என்ன? தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அநேகர் சபையை விட்டு விலகினார்கள். சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. ஞானப்பாட்டுகளை மனப்பாடமாக அறிந்தவர்கள் அவர்கள். பாட்டு நாவில் இருந்தது, கண்ணுக்குள் இறங்கவில்லை.

மற்றொரு வரலாறும் உண்டு. அதையும் நம் பிள்ளைகள் அறியவேண்டும். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சாதியின் பெயரால் இழிவாக எண்ணப்பட்ட சமூகம் அவருடையது. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக அவர் முன்னின்றார். 1910-இல் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளை மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே இருந்த இடைவெளியை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். நீங்கள் தந்த தியாகத்துக்கு நன்றி, எங்களுக்கு இனி வேண்டுவது நட்பு என்பது அவ்வுரையின் சாரம். அவையில் பலர் முகம் சுளித்தனர்.

அவரைப் பேராயராக்கும் யோசனை எழுந்தபோது மிஷனெரிகள் சிலர் எதிர்த்தனர். ஓர் இந்தியருக்கு அத்தகுதி இன்னும் வரவில்லை என்பது அவர்கள் வாதம். நம்மவர்களிலும் சிலர் எதிர்த்தனர். மேலிருந்து பார்த்தவர்களுக்கு அவருடைய நிறம் தெரிந்தது. பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவருடைய சாதி தெரிந்தது. சென்னைப் பேராயராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் அவரில் ஓர் ஊழியரைக் கண்டார், அவருக்காக நின்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1945-இல் மரிக்கும்வரை அவர் தோர்ணக்கலில் ஊழியம் செய்தார். தெலுங்கு நாட்டில், தீண்டத்தகாதார் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்களே அவருடைய மந்தையில் பெரும்பாலோர். அவர்களில் குருமார்களையும் உபதேசிமார்களையும் அவர் கண்டெடுத்தார். காணப்பட்டவர் காண்கிறவரானார்.

எண்ணிப் பாருங்கள். அசரியாவுக்குத் தன்னம்பிக்கை இல்லாமலா இருந்தது? எடின்பரோவில் எழுந்து நின்று பேசியவருக்கு அது குறைவாகவா இருந்தது? ஆயினும் கதவின் தாழ்ப்பாள் வேறு சிலரின் கையில் இருந்தது. அவர்களில் ஒருவராவது சரியாகக் கண்டிராவிட்டால், உள்ளே வருமாறு அவரை அழைத்திருக்கமாட்டார்கள். பின்னர் அதே மக்கள், அவருக்கு முன்னேறும் மனப்பான்மை இல்லை என்றும் பேசியிருப்பார்கள்.

சில மறுப்புரைகள்

ஆயரே, சோர்ந்துபோன வாலிபர்களுக்கு ஊக்கம் தருவது தவறா என்று கேட்பீர்கள். தவறன்று. தேவசாயலில் படைக்கப்பட்டவன் நீ என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுங்கள். ஆனால் அதைச் சொன்ன கையோடு அந்தப் பிள்ளையைப் பந்தியின் ஓரத்தில் நிறுத்திவைக்காதீர்கள். குளிரில் நடுங்குகிறவனிடம் ஆடை கொடாமல், குளிர்காய்ந்து சமாதானமாய்ப் போ என்று சொல்வதைப் பற்றி யாக்கோபு என்ன கேட்டார் என்பதை அறிவீர்கள் (2:15-16). உன்னைத் தலையாகக் காண் என்று வாழ்த்திவிட்டு, அவனைக் காலடியில் அமர்த்துவதும் அதே வகை மாய்மாலம்.

தலைவர்களை ஆராய்ந்து பார்க்கவேண்டாமா என்றும் கேட்பீர்கள். கட்டாயம் ஆராயவேண்டும். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம் அதற்கான பட்டியலைத் தருகிறது. தெளிந்த புத்தி, உபசரிப்பு, பண ஆசையின்மை, வீட்டை நன்றாய் நடத்துதல், வெளியாரிடத்தில் நற்சாட்சி. இவற்றில் ஒன்றாவது ஒருவர் வந்திறங்கும் வாகனத்தில் தெரிகிறதா? அவருடைய குடும்பப் பெயரில் தெரிகிறதா? நமது தேர்தல் பேச்சுகளில் வாகனமும் குடும்பமும் வாக்கு எண்ணிக்கையுமே அடிபடுகின்றன. பவுலின் பட்டியலை எவரும் கையில் எடுப்பதில்லை.

ஆலயத்தில் அரசியல் பேசலாமா என்று சிலர் முணுமுணுப்பர். அரசியல் ஏற்கெனவே உள்ளே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது. அதை எழுந்து வெளியே போகச் சொல்வதுதான் என் வேலை.

இனி என்ன செய்வோம்?

முதலாவது, வருகிற ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் உடனே வாகனத்தை நோக்கி ஓடாதீர்கள். பல ஆண்டுகளாக உங்களோடு ஆராதித்தும் பெயர் தெரியாத ஒருவரிடம் செல்லுங்கள். அவருடைய பெயரைக் கேளுங்கள். ஊரைக் கேட்காதீர்கள்.

இரண்டாவது, சேகரக் கமிட்டிக்குப் பெயர்களை முன்மொழியுமுன் சாமுவேல் ஈசாயிடம் கேட்ட கேள்வியை உங்களுக்குள் கேளுங்கள்: இன்னும் அழைக்கப்படாதவர் எவர்? திருப்பலகையின் ஆடைகளைத் துவைத்துத் தேய்த்துத் தரும் சகோதரியின் பெயர் இதுவரை எந்தத் தாளிலாவது எழுதப்பட்டதுண்டா? மழைநாளிலும் ஓய்வுநாள் பள்ளியை நிறுத்தாமல் நடத்தும் கூலித்தொழிலாளியின் பெயர்? அவர்கள் தகுதியற்றவர்கள் என்று ஆராய்ந்து தள்ளினோமா, அல்லது அவர்கள் நம் நினைவுக்கே வரவில்லையா?

மூன்றாவது, திருவிருந்தில் நாம் யாவரும் ஒரே கிராதியின் முன் முழங்காற்படியிடுகிறோம். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம், ஒரே பாத்திரத்தில் பருகுகிறோம். அந்த இடத்தில் எவரும் எவரைவிடவும் உயரமாகத் தெரிவதில்லை. அங்கே கற்ற பார்வையை ஆலயப் படியிறங்கும்போது கழற்றி வைத்துவிடாதீர்கள். அசன விருந்தில் உங்கள் பக்கத்து இலையில் யார் அமர்கிறார் என்பதில் உங்கள் திருவிருந்தின் உண்மை வெளிப்படும்.

பிரியமானவர்களே, உன் பார்வை மாறினால் உன் வாழ்க்கை மாறும் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது. நான் சொல்கிறேன், உங்கள் பார்வை மாறினால் உங்கள் அயலானின் வாழ்க்கை மாறும். நமக்கு ஒப்புவிக்கப்பட்ட கட்டளை அதுவே. நம்மைக் காணும் வேலையைத் தேவன் பார்த்துக்கொள்கிறார். வயல்வெளியில் எவராலும் அழைக்கப்படாதிருந்த சிறுவனை அவர் கண்டார். நம்மையும் அப்படியே கண்டார். அடுத்தவரைக் காணும் வேலையை அவர் நம் கையில் வைத்திருக்கிறார்.

எட்டாமவன் வரட்டும். பந்தி காத்திருக்கட்டும்.

ஜெபம்: இருதயத்தைக் காண்கிற ஆண்டவரே, எங்கள் கண்களின்மேல் இரண்டாம் முறையும் கைவைத்தருளும். மனிதரை மனிதராகக் காணும் தெளிவைத் தாரும். நீர் அழைத்தவரை நாங்கள் தடுக்காதபடியும், நாங்கள் மறந்தவரை நீர் எங்களுக்கு நினைப்பூட்டும்படியும் வேண்டுகிறோம். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், எங்கள் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்